உப்புத் தண்ணீரில் அழியாத இலச்சினை

பரீதா இரண்டு உயிர்காப்பு அங்கிகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். இரண்டும் செம்மஞ்சள் நிறம். இரண்டின் நெஞ்சிலும் நீல நங்கூரம், அதன் கீழே மூன்று அலைக்கோடுகள். ஒன்று காய்ந்திருந்தது. மற்றது இன்னும் ஈரம். அதிலிருந்து வடிந்த கடல்தண்ணீர் மேசையில் கோடு போட்டுக்கொண்டு என் கீபோட் பக்கம் வந்தது. நான் அவசரமாக அதைத் தூக்கினேன்.

“சாந்தி அக்கா, இதுல எது என்ட ஜக்கெட்?” என்று கேட்டார் பரீதா.

இரண்டையும் பார்த்தேன். அந்த நங்கூரத்தைச் செய்துகொடுத்தவளே நான்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“எனக்கும் முதல்ல தெரியல்ல,” என்றவர் ஈரமானதைப் புரட்டித் தோள் பக்கத்தைக் காட்டினார். வார் அடியோடு பிய்ந்து, அந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. “இது நான் தைச்சதில்ல. ஆனா நங்கூரம் நம்மட நங்கூரம்தானே. காலையில உப்புவெளியில ஒரு மனிசன் போட்டுல இருந்து கடலுக்குள்ள விழுந்திருக்கார். வாரைப் புடிச்சுத் தூக்கியிருக்காங்க. வார் கையோட வந்துட்டு.”

“ஆளுக்கு?”

“சேட்டுக் கொலரைப் புடிச்சு இழுத்து ஏத்திட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். ஆனா போட்டுக்காரங்க எல்லாரும் எனக்குத்தான் ஃபோன் எடுத்து ஏசுறாங்க. நான் குடுத்த ஜக்கெட்டாம்.”

ஆள் தப்பிவிட்டார் என்று கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் விளங்கியது. அதைப் பரீதாவிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. “கொஞ்சம் இருங்க, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்,” என்று குசினிக்குள் போய்விட்டேன்.

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்கள் என்னை ஒரு துணிச்சல்காரி என்று நினைத்திருப்பீர்கள். இந்தக் கிழமை அந்த நினைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நாற்பது நிமிட வேலை

என் கடை ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இருக்கிறது. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், வருகிறவர்களுக்கு இரண்டு கதிரை. வாசலில் காட்போட் பெட்டி வைத்தால் தெருவில் திரிகிற மான்கள் வந்து தின்றுவிடும் என்பதால் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, எனக்கு நடக்க இடமில்லாமல் போய்விட்டது. கலியாணக் காட், நினைவஞ்சலிப் பிரசுரம், ஹோட்டல்களுக்குச் சாப்பாட்டுப் பட்டியல், கடைகளுக்கு இலச்சினை. இவ்வளவும் நான் ஒருத்தி செய்கிற வேலை.

பரீதா கிண்ணியாவைச் சேர்ந்தவர். கலியாணத்துக்கு முன் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் வேலைசெய்தவர். அவருடைய கணவர் நௌபர் உப்புவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். கிழிந்துபோன உயிர்காப்பு அங்கிகளை ஒட்டுப்போட்டுத் தரச்சொல்லி நௌபர் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். பரீதா ஒன்றைப் பிரித்து உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். “இதைப் போட்டுக்கிட்டா இவ்வளவு நாளும் போன நீங்க?” என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த நாளே புதிதாக ஒன்றை வெட்டத் தொடங்கிவிட்டார்.

அவர் முதன்முதல் என் கடைக்கு வந்தபோது அவரோடு எட்டுப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல ஃபோம், நல்ல துணி. கடலில் ஆளை மிதக்கவிட்டுச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒரு லோகோ மட்டும்தான் இல்லை.

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடல் என்றால் நங்கூரம். இன்டநெட்டில் இலவசமாகப் படம் எடுக்கிற ஒரு இடத்தில் போய் ஒரு நங்கூரத்தை இறக்கினேன். நீலம் அந்தப் படத்திலேயே இருந்தது. கீழே மூன்று அலையும் அதோடு வந்தது. நாற்பது நிமிடம். பரீதா திரையைப் பார்த்து, “சரியான வடிவு அக்கா,” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இப்போது குசினியில் நின்றபோது எனக்கு விளங்கியது இதுதான்: அந்த மற்ற அங்கியைத் தைத்தவர் யாரோ, எந்த ஊரோ தெரியாது. அவர் பரீதாவின் நங்கூரத்தைத் திருடவில்லை. அவரும் அதே இடத்தில் போய் அதே படத்தை இறக்கியிருக்கிறார். அவரும் கடல் என்றால் நங்கூரம் என்று நினைத்திருக்கிறார். அலை மூன்றும்கூட அதே அலை.

பாண் பையில் ஒரு மயில்

போன கிழமை வந்த ஒரு வாசகர் கடிதத்தில், “இலச்சினை கீறுவது அப்படி என்ன பெரிய வேலை?” என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. அதற்கு நான் முதன்முதல் செய்த இலச்சினையின் கதையைச் சொல்லவேண்டும்.

அது ஒரு பேக்கரிக்கு. முதலாளி நல்ல மனிதர், ஆனால் ஆசைகள் கூடியவர். “மயில் ஒண்டு வேணும். பின்னால சூரியன் உதிக்கோணும். துறைமுகம் தெரியோணும். மகளின்ர பேர் வேணும். கோதுமைக் கதிர் ரெண்டு பக்கமும்,” என்றார். நான் எல்லாவற்றையும் போட்டேன். கணினித் திரையில் அது ஒரு கோயில் தேர் மாதிரி இருந்தது. முதலாளி மகிழ்ந்துபோனார்.

பிறகு அதைப் பாண் சுற்றுகிற மெல்லிய பையில், கறுப்பு மையில், உள்ளங்கையளவு அச்சடித்தார்கள். மயில், சூரியன், துறைமுகம், மகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு கறுப்புத் திட்டாகப் போயிற்று. பை ஊடாகப் பார்த்தால் பாண் கருகியிருக்கிற மாதிரித் தெரியும். சனம் கடையில் நின்று, “வேற பாண் இல்லையா? இது எரிஞ்சுபோச்சு,” என்று கேட்டதாக முதலாளியே வந்து சொன்னார்.

அதிலிருந்து நான் ஒரு பாடம் படித்தேன்: குறைவாகப் போடு. ஆனால் அரைப் பாடம்தான் படித்திருக்கிறேன். குறைவாகப் போடுவதற்கும் யோசிக்காமல் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பரீதாவின் ஈர அங்கிதான் காட்டிக்கொடுத்தது.

தேத்தண்ணி ஆறிப்போயிற்று

கோப்பையை வைத்துவிட்டு நான் சொன்னேன். படம் எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது, யாரும் எடுக்கலாம் என்பது, எல்லாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. நங்கூரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீதா ஈர அங்கியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, “அப்ப அது ஒருநாளும் என்ட நங்கூரம் இல்ல,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இல்லை,” என்றேன். “பிழை என்னில.”

“வாற வியாழக்கிழமை போட்டுக்காரங்கட சங்கத்துக் கூட்டம். என்னை வரச் சொல்லியிரிக்காங்க. இனி என்ட ஜக்கெட் வேணாம் எண்டு அங்க முடிவெடுத்தாங்க எண்டா, அந்த எட்டுப் பேரையும் நான் வீட்டுக்கு அனுப்பணும் அக்கா.”

“வியாழனுக்கு முதல் புதுசு தாறன். இந்த முறை இந்தக் கதிரையில இருந்து கீற மாட்டன்.”

அவர் எழுந்தார். ஈர அங்கியை ஒரு கையிலும் தன்னுடையதை மற்றக் கையிலும் எடுத்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“எனக்கு வடிவு வேணாம் அக்கா. நான் தைச்சது எண்டு தெரிஞ்சாப் போதும்.”

எத்தனையோ முதலாளிமார் எனக்கு எத்தனையோ விதமாக வேலை சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த வசனத்தை ஒரு கடதாசியில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். பிறகு கணினியை நிற்பாட்டினேன்.

கத்தரிக்காய் மூன்று

அடுத்த நாள் காலை பஸ் ஏறிப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். பரீதாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஒன்பது மெசின்கள் ஒன்றுசேர ஓடினால் காது அடைக்கும். அதன் வெளிச் சுவரில் ஆளுயரத்துக்கு அந்த நங்கூரத்தைக் கீறி வைத்திருந்தார்கள். நான் போனபோது அதன்மேல் ஏற்கெனவே ஒரு பூச்சு வெள்ளை அடித்திருந்தது. நீலம் இன்னும் கொஞ்சம் உள்ளாலே தெரிந்தது.

முதலில், ஆறு மாதம் கடலுக்குப் போய்வந்த ஒரு அங்கியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெயிலும் உப்பும் அச்சைத் தின்றிருந்தன. நங்கூரத்தில் பாதி இல்லை. மிச்சம் இருந்தது ஒரு கொக்கி மட்டும். செய்து கொடுத்த பிறகு அந்த அங்கிகளை ஒருநாளாவது போய்ப் பார்த்தேனா என்று என்னையே கேட்டேன். இல்லை.

அதற்குப் பிறகு வேலை தொடங்கியது. தடித்த கடதாசியில் உருவங்களை வெட்டி, அங்கியில் ஊசியால் குத்தி, நௌபரைப் போடச் சொல்லிப் படகில் அனுப்பினேன். நான் கரையில் நின்று பார்ப்பேன். அவர் மெதுவாகத் தூரம் போவார். எந்த இடத்தில் உருவம் தெரியாமல் போகிறது என்று குறித்துக்கொள்வேன்.

டொல்பின் ஒன்று வெட்டினேன். எனக்கு அதில் நல்ல பெருமை. நௌபர் திரும்பி வந்து, “எங்கட போட்டுப் பொடியன்மார் என்ன சொன்னாங்க தெரியுமா அக்கா? கத்தரிக்காய்க் கொம்பனியா எண்டு கேட்டாங்க,” என்றார். அதைக் கொஞ்சம் மெலிதாக்கினேன். அது மிளகாயாகிவிட்டது. இன்னும் இரண்டு விதமாக வெட்டிப் பார்த்தேன். நௌபர் தலையை மட்டும் ஆட்டினார். அவையும் கத்தரிக்காய்தான்.

பரீதாவின் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். கிட்டத்தில் நல்லாக இருந்தது. ஆனால் படகுக்காரரில் பாதிப்பேர் சிங்களம் வாசிப்பவர்கள். மூன்று மொழியிலும் போட்டால் அது பாண் பையாகிவிடும். பறவை, சங்கு, கலங்கரை விளக்கம் எல்லாம் வெட்டினேன். வெட்டிய ஒவ்வொன்றையும் அந்த வசனத்தோடு வைத்துப் பார்த்தேன். “நான் தைச்சது எண்டு தெரிஞ்சாப் போதும்.” சங்கைப் பார்த்தால் பரீதா தைத்தது என்று தெரியுமா? கலங்கரை விளக்கத்தைப் பார்த்தால்?

மூன்று நாள் போயிற்று. என் விரலெல்லாம் கத்தரிக்கோல் தடம். கடதாசித் துண்டுகள் பரீதாவின் முற்றம் முழுக்கப் பறந்தன. ஞாயிறு பின்னேரம் அவற்றைக் கூட்டி அள்ளும்போது, ஏலாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பையும் குப்பையோடு போட்டேன்.

ஊசி தூக்கவில்லை

திங்கட்கிழமை நான் ஒன்றும் வெட்டவில்லை. பரீதாவின் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். “நீங்க உங்கட வேலையைச் செய்யுங்க. நான் சும்மா பாக்கிறன்,” என்றேன்.

அவர் தோள் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு வார், கறுப்பு நூல். வாரின் முனையை அங்கியில் வைத்து இடது கீழ் மூலையில் ஊசியை இறக்கினார். நேராக மேலே போனார். துணியைத் திருப்பிச் சரிவாக ஏறினார், உச்சியில் திருப்பி மறுபக்கம் சரிவாக இறங்கினார். குறுக்கே இடப்பக்கம் வந்தார். அங்கிருந்து மூலைக்கு மூலையாக வலது கீழ்ப் பக்கம். அடியால் திரும்ப இடப்பக்கம். மறுபடி மூலைக்கு மூலையாக வலது மேல் பக்கம். பிறகு நேராகக் கீழே. நிறுத்தினார். நூலை ஒரே ஒருதரம், அந்தக் கடைசி இடத்தில்தான் வெட்டினார்.

“இன்னொருக்காச் செய்யுங்க,” என்றேன்.

செய்தார். ஊசி துணியை விட்டு எழும்பவே இல்லை. ஒரு சதுரம், அதற்குள்ளே ஒரு பெருக்கல் அடையாளம், சதுரத்தின் தலையில் ஒரு முக்கோணம். கறுப்பில் கறுப்பு என்பதால் கிட்டப் போனால்தான் தெரிந்தது.

“இந்த முக்கோணம் ஏன்?”

பரீதாவுக்கு என் கேள்வி வியப்பாக இருந்தது. “மத்த ஆக்கள் பெட்டியும் பெருக்கலும்தான் போடுவாங்க. அது நல்ல தையல்தான். ஆனா அதை ஒரே ஓட்டத்துல முடிக்க ஏலாது. நடுவுல நூலை வெட்டணும், இல்லாட்டித் தைச்ச கோட்டு மேலயே இன்னொருக்கா ஓடணும். வெட்டின இடத்துல நூல் கழலப் பாக்கும். தைச்சதுக்கு மேல தைச்சா ஓட்டை கூடி வார் பலம் குறையும். மேல இந்த மூணு மூலையை வச்சா வெட்டாமலே முடிஞ்சிரும்.”

“ஆர் காட்டித் தந்தது?”

“ஒருத்தரும் இல்ல. முதல் வார் பிஞ்ச நேரம் எனக்கு யோசினையாப் போச்சு. மகளின்ட கொப்பியை எடுத்துப் பேனையைத் தூக்காமக் கீறிக் கீறிப் பாத்தன். ரெண்டு நாள் எடுத்துச்சு.”

அவர் இரண்டு நாள் எடுத்திருக்கிறார், ஒருவரும் பார்க்காத ஒரு தையலுக்கு. நான் எல்லோரும் பார்க்கிற நங்கூரத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்தேன்.

“பரீதா, இதுதான் உங்கட லோகோ.”

பக்கத்து மெசினில் இருந்த பெண் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பரீதா வாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதுவா? இது தையல் அக்கா. சங்கத்துல எல்லாரும் சிரிப்பாங்க. லோகோ எண்டா ஒரு இது இரிக்கணுமே.”

“நீங்கதானே சொன்னீங்க வடிவு வேணாம், நான் தைச்சது எண்டு தெரிஞ்சாப் போதும் எண்டு?”

பரீதா வாரைக் கீழே வைத்தார். எழுந்து அலுமாரியைத் திறந்து தேடினார். தடித்த வெள்ளை நூல் கட்டை ஒன்றை எடுத்துவந்து மெசினில் கோத்தார். இன்னொரு வாரை எடுத்தார். அதே ஓட்டம், கொஞ்சம் பெரிதாக. கறுப்பு வாரில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று எழும்பின. அறையில் இருந்த எட்டுப் பேரும் சுற்றி வந்து நின்றார்கள்.

“தெரியுது,” என்றார் பரீதா, மெதுவாக.

அதற்குப் பிறகுதான் என் பங்கு வேலை. முக்கோணம் உயர்ந்தால் பென்சில் முனை மாதிரி இருந்தது. தாழ்ந்தால் கடித உறை. எத்தனையோ அளவு வைத்துப் பார்த்து ஒன்றில் நின்றோம். பில் புத்தகத்துக்காக நகத்தளவுக்குச் சிறிதாக்கினால் பெருக்கலின் நடு அடைபட்டது. அங்கே கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கினேன். போட்டோக் கொப்பியை மறுபடி போட்டோக் கொப்பி எடுத்து, அதையும் கொப்பி எடுத்து, உருவம் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. நௌபர் படகில் போனார். நான் கரையில் நின்றேன். இரண்டு தோளிலும் வெள்ளையாகத் தெரிந்தது. டொல்பின் கத்தரிக்காயாகிற தூரத்தையும் தாண்டித் தெரிந்தது.

அச்சு மை ஒரு சொட்டும் அங்கியில் இல்லை. உப்பு தின்ன ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை

உப்புவெளிக் கடற்கரையில் ஓலைக் கொட்டில் ஒன்றில்தான் சங்கம் கூடும். முப்பது பேர்வரை இருந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும். தலைவர் ரத்தினம் அண்ணை, சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதர். பிய்ந்த அங்கி அவருக்கு முன்னால் மேசையில் கிடந்தது.

“பிள்ளை பரீதா, உம்மில எங்களுக்குக் கோபம் இல்லை,” என்று தொடங்கினார். “ஆனா இந்த நங்கூரத்தைப் பாத்துத்தான் எங்கட ஆக்கள் வாங்கினவை. ஒருத்தன்ர உயிர் போகப் பாத்தது.”

பரீதா எழும்பப் போனார். நான் அவர் கையைப் பிடித்து இருத்திவிட்டு எழும்பினேன்.

“அண்ணை, அந்த நங்கூரம் பரீதாவின்ர பிழை இல்லை. என்ர பிழை. நான் அதைக் கீறேல்லை. இன்டநெட்டில கிடந்ததை எடுத்துக் குடுத்தனான். ஆரும் எடுக்கலாம். ஆரோ எடுத்திருக்கினம். அதாலதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனது.”

பக்கத்தில் இருந்த ஒருவர் நான் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு பின் வரிசையில் இருந்து ஒரு விருந்தினர் விடுதிக்காரர் கேட்டார்:

“அப்ப, எங்கட விடுதிக்கு நீங்கள் செய்து தந்த சங்கு?”

“ஓம் அண்ணை. அதுவும் அப்பிடித்தான். திருப்பிச் செய்து தாறன்.”

யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்தேன். பரீதா புது அங்கியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

ரத்தினம் அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். “எங்க லோகோ?” பரீதா தோளைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இதென்ன, சின்னப் பிள்ளையள் கீறுற வீடு மாதிரிக் கிடக்கு?”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பரீதா பயந்தது இதுதான். அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். ஆனால் குரல் நடுங்கவில்லை.

“ஓம் அண்ணன், வீடு மாதிரித்தான் இரிக்கு. இது படம் இல்ல. வாரைப் புடிச்சு வச்சிருக்கிற தையலே இதுதான்.”

“சரி, இதையும் நாளைக்கு ஒருத்தன் கொப்பி அடிப்பானே?”

“அடிக்கட்டும். நூலை வெட்டாம, ஒழுங்கா அடிச்சா அந்த வார் பிய்யாது. உங்கட ஆள் தப்பிருவார். ஒழுங்கில்லாம அடிச்சா, வெட்டின இடம் விரலுக்குத் தட்டுப்படும். தண்ணியில இறங்க முதலே நீங்க கண்டுபுடிச்சிரலாம்.”

சிரிப்பு நின்றது. ரத்தினம் அண்ணை பெருவிரலை வாரின்மேல் ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினார். பிறகு பிய்ந்த அங்கியின் மிச்சத் தையலையும் தடவிப் பார்த்தார். அது ஒற்றைக் கோடு, மூன்று இடத்தில் நூலை வெட்டித் தொடுத்துத் தைத்தது.

“கயிறு கொண்டுவாங்கோடா,” என்றார்.

அங்கியைக் கொட்டிலின் நடுக்கம்பத்தில் கட்டினார்கள். வாரில் கயிற்றைப் போட்டு நாலு பேர் இழுத்தார்கள். வார் விறைத்து நின்றது. இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். பரீதா இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் அசைந்தது. ‘பட்’ என்று ஒரு சத்தம். ஆறு பேரும் மணலில் மல்லாக்க விழுந்தார்கள்.

கம்பத்தில் கட்டிய முடிச்சு அவிழ்ந்திருந்தது. வெள்ளைத் தையலில் ஒரு இழைகூட அசையவில்லை.

உடனே எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பன்னிரண்டு அங்கிகளை ஒரு பருவத்துக்குப் பாவித்துப் பார்ப்போம் என்றார்கள். பழைய நங்கூர அங்கிகள் எல்லாவற்றையும், யார் தைத்தது என்று பாராமல், பரீதா திருப்பி எடுத்து வாரைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கினார். எட்டுப் பெண்களில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பருவம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். கூட்டத்தில் சொன்னது ஊருக்குள் பரவ ஒரு நாள்கூட எடுக்கவில்லை. இரண்டு பேர் கொடுத்த வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தெருவில் கண்டு, “இன்டநெட் அக்கா” என்று கூப்பிட்டார். நான் பழைய கோவைகளைத் திறந்து, இப்படி எடுத்துக்கொடுத்தவை எத்தனை என்று பார்த்தேன். ஏழு. ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னேன். ஒவ்வொருவருடைய தொழிலையும் ஒரு முழு நாள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் பேனையை எடுத்தேன். விடுதிக்காரருக்குச் சங்கு போய், அவருடைய மாடிப்படியின் வளைவு வந்தது. அவர் அதை வாசல் கேற்றில் இரும்பாகவே செய்து பொருத்திவிட்டார்.

பேர் தெரியாது

கூட்டம் நடந்து ஒரு வருடம் இருக்கும். கொழும்பில் இருந்து வந்த என் தங்கச்சியும் அவளுடைய குடும்பமும் கடலில் போகவேண்டும் என்று நின்றார்கள். உப்புவெளிக்குக் கூட்டிப்போனேன். நௌபர் அன்று இல்லை. எங்களுக்குக் கிடைத்தது நான் முன்பின் காணாத ஒரு படகுக்காரர், ஒரு சிங்களவர். தமிழ் கொஞ்சம் கதைத்தார்.

அவர் படகில் இருந்து அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் தோளையும் திருப்பிப் பெருவிரலால் ஒருதரம் தடவினார். வலது தோள், இடது தோள். தடவிவிட்டுத்தான் நீட்டினார். ஒரு அங்கியைத் தடவிவிட்டுக் கொடுக்காமல் பக்கத்தில் எறிந்தார்.

“என்ன பாக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“இது இருந்தால்தான் ஆள் ஏத்துறது,” என்று வெள்ளைத் தையலைக் காட்டினார். “இல்லாட்டி ஏத்துறது இல்லை.”

“அது என்ன? ஆர் செய்யிறது?”

அவர் தோளைக் குலுக்கினார். “பேர் தெரியாது நோனா. தொட்டுப் பாத்தால் தெரியும்.”

என் தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கதை தெரியும். சொல்லு என்று கண்ணால் காட்டினாள். நான் சொல்லவில்லை.

அவர் அடுத்த அங்கியை எடுத்தார். இரண்டு தோளையும் தடவினார். என்னிடம் நீட்டினார். நான் அதைப் போட்டு, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டு படகில் ஏறினேன்.